காரின் மூக்கை மாற்றலாமா?

காரின் முன்மூடியைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறீர்களா? எஞ்சினுக்கு அருகில் கறுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதிலிருந்து மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் ஒன்று எஞ்சினுக்குச் செல்லும். பெட்டிக்குள்ளே விசிறிபோல் மடித்த காகித வடிகட்டி இருக்கும். இதுதான் காரின் மூக்கு. எஞ்சின் உறிஞ்சும் காற்று முழுவதும் இதன் வழியாகத்தான் போகிறது.

பார்ப்பதற்கு அழகற்ற இந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலுமினியக் குழாயையும் கூம்பு வடிவ வடிகட்டியையும் பொருத்திக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. நம் ஊர் உதிரிபாகக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. "எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், வண்டியின் திறன் கூடும்" என்பது விற்பவர் கூற்று. ஒரு திருப்புளியும் ஸ்பானரும் இருந்தால் ஒரு மணி நேர வேலை என்றுதான் தோன்றும். ஆனால் பலருக்குப் பொழுது சாய்ந்தும் வேலை முடிவதில்லை. முடிந்த பிறகும் எஞ்சின் நடுங்குகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, வேகமோ கூடவில்லை. செலவழித்த பணம் வீணாயிற்றே என்ற வருத்தம்தான் மிச்சம். ஏன் இப்படி ஆகிறது? காரணங்கள் எல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

எஞ்சின் உண்ணும் காற்று

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இது நான்கு வீச்சு எஞ்சின். ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை உறிஞ்சும். நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் எனில், முழு அளவில் உறிஞ்சும்போது 1,500 × 1.2 = 1,800 லிட்டர் காற்று உள்ளே செல்லும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.16 கிராம். எனவே ஒரு நிமிடத்தில் எஞ்சின் உண்பது சுமார் 2.1 கிலோகிராம் காற்று!

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கணக்கில் வருவது காற்றின் நிறை. கன அளவு அன்று. இதை மறந்துவிடுவதிலிருந்துதான் தொல்லைகள் தொடங்குகின்றன.

சூடான காற்றால் வரும் நட்டம்

பழைய பெட்டியின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது வண்டியின் முகப்பை ஒட்டி, வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கும். புதிய கூம்பு வடிகட்டியோ பல வண்டிகளில் முன்மூடிக்குள் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி நிற்கும். ரேடியேட்டரைக் கடந்து சூடேறிய காற்றைத்தான் அது உறிஞ்சும்.

வெளியே 30 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்று கொள்வோம். அழுத்தம் மாறாதபோது வாயுவின் கன அளவு தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது சார்லஸ் விதி. ஆகவே அடர்த்தி 303/333 மடங்காக, அதாவது 0.91 மடங்காகக் குறையும். சிலிண்டர் முன்போலவே நிரம்புகிறது. ஆனால் உள்ளே வந்த காற்று 9 சதவீதம் குறைவு. போக்குவரத்து நெரிசலில் வண்டி நிற்கும்போது இந்த நட்டம் இன்னும் கூடும்.

இலாபம் எவ்வளவு?

வடிகட்டியை மாற்றுவதால் வரும் இலாபத்தையும் பார்ப்போம். வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். சுத்தமான காகித வடிகட்டியைக் கடக்கும்போது காற்று இழப்பது பொதுவாக ஓரிரு கிலோபாஸ்கல்தான். வடிகட்டியே இல்லாமல் ஓட்டினாலும் கிடைக்கக்கூடியது ஒன்றிரண்டு சதவீதமே. ஒன்பதை இழந்து இரண்டைப் பெறுவது இலாபமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த இரண்டும்கூட எப்போதும் கிடைப்பதில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்த 'த்ராட்டில்' என்னும் தகடு ஒன்று இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால்தான் அது முழுவதும் திறக்கும். அன்றாட ஓட்டத்தில் அது பாதி மூடியே இருப்பதால், காற்றுக்குப் பெரிய தடை அதுதான். வாசலை ஒருக்களித்து வைத்துவிட்டுத் தெருவை அகலப்படுத்தி என்ன பயன்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. இக்காலக் கார்களில் வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தாலும் எரிபொருள் செலவு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. முழுவதும் மிதிக்கும்போது வேகமெடுப்பதில்தான் குறை தெரிந்தது.

ஏமாறும் உணர்கருவி

எச்சரிக்கை விளக்கு ஏன் எரிகிறது? பல கார்களில் உறிஞ்சு குழாயினுள் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். காற்று அதைக் குளிர்விக்கும். அதன் வெப்பநிலையைக் குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பதைக் கொண்டு காற்றின் நிறையைக் கணினி கணக்கிடும்; அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கும்.

ஆனால் அந்தக் கம்பி குழாயின் ஒரு சிறு பகுதியில் பாயும் காற்றை மட்டுமே அறியும். குழாயின் குறுக்குப் பரப்பு இவ்வளவு என்று கணினி முன்கூட்டியே வைத்திருக்கும் கணக்கைக் கொண்டுதான் மொத்தம் கிடைக்கிறது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குப் பதில் 70 மில்லிமீட்டர் குழாயைப் பொருத்தினால், பரப்பு 1.36 மடங்காகும். அதே அளவு காற்று இப்போது 0.73 மடங்கு வேகத்தில்தான் செல்லும். காற்று கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாகக் கருதி, கணினி பெட்ரோலைக் குறைத்துவிடும். எஞ்சின் நடுங்குவது இதனால்தான். புகைவழியிலுள்ள ஆக்சிஜன் உணர்கருவி பிழையைக் கண்டு ஓரளவு திருத்தும். திருத்தத்தின் எல்லை தாண்டியதும் விளக்கு எரியும்.

இணைப்புகளில் உள்ள கிளாம்புகளைச் சரியாக முடுக்காவிட்டாலும் இதே கதைதான். உணர்கருவிக்குப் பின்னால் கசிந்து நுழையும் காற்று எந்தக் கணக்கிலும் வராது. எண்ணெய் பூசிய வடிகட்டியில் எண்ணெய் மிகுந்துவிட்டால், அது கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கலாம். வெளியேறும் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கியும் காற்று-பெட்ரோல் விகிதம் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். இதனால்தான் கலிபோர்னியா மாநிலத்தில், அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு ஆணை எண் பெற்ற குழாய்களை மட்டுமே சாலையில் ஓடும் கார்களில் பொருத்தலாம். புகைப் பரிசோதனையின்போது அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பார்கள்.

இனி, குழாய் இடிப்பதைப் பார்ப்போம். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. சக்கரங்களை அது ஒரு திசையில் திருகும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்த் திசையில் சற்றுச் சாய்கிறது. பழைய ரப்பர் குழாயின் மடிப்புகள் இந்த அசைவுக்காகவே அமைக்கப்பட்டவை. விறைத்த அலுமினியக் குழாய்க்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. நிற்கும்போது அரை விரல் இடைவெளி இருந்தாலும், ஓடும்போது அது பேட்டரியிலோ முன்மூடியிலோ இடித்துத் தட்டும்.

காதும் ஒரு சாட்சியா?

"சத்தத்தைக் கேளுங்கள், எவ்வளவு வலிமை!" என்பார்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் வினாடிக்கு 100 முறை காற்றை உறிஞ்சுகிறது. ஆகவே 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓசை எழும். பழைய குழாயின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெற்றுக் குடுவை இத்தகைய ஓசையை அடக்குவதற்கானது. காலிப் புட்டியின் வாயருகே ஊதிப் பாருங்கள். அதற்கே உரிய ஒரு சுரம் எழும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த இந்த ஒத்ததிர்வைத்தான் பொறியியலார் இங்கே பயன்படுத்துகிறார்கள். குடுவையை எடுத்துவிட்டால் ஓசை கூடும். கூடிய ஓசையைக் கூடிய திறன் என்று மனம் எடுத்துக்கொள்கிறது!

தண்ணீர்: பெரிய ஆபத்து

சூட்டைத் தவிர்க்க, சிலர் வடிகட்டியை முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைப்பார்கள். குளிர்ந்த காற்று கிடைக்கும், உண்மைதான். ஆனால் மழைநீர் தேங்கிய சாலையில்? நமது 1,200 கன சென்டிமீட்டர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் நகரும் இடம் 300 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் 10 எனில், பிஸ்டன் உச்சியை அடையும்போது மிஞ்சும் இடம் 300/9, அதாவது சுமார் 33 கன சென்டிமீட்டர். இது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றே அதிகம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க இயலாது. இந்த அளவுக்கு மேல் தண்ணீர் நுழைந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். எஞ்சினையே பிரித்து வேலை பார்க்க நேரும். பழைய பெட்டியின் வாய் உயரத்தில் அமைந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால், எந்தக் காராக இருந்தாலும், மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.

அப்படியானால் இந்தக் குழாய்கள் எதற்குமே உதவாதவையா? பந்தயக் கார்களில் உதவும். அங்கே த்ராட்டில் பெரும்பாலும் முழுவதும் திறந்திருக்கும். கணினியின் கணக்கையும் புதிய குழாய்க்கேற்ப மாற்றி எழுதுவார்கள். வீட்டுக் காருக்கு, குறித்த காலத்தில் காகித வடிகட்டியை மாற்றினாலே போதுமானது.

உங்கள் அண்ணனோ மாமாவோ அப்படி ஒரு குழாயை வாங்கப் புறப்பட்டால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காற்று எங்கிருந்து வரும்? உணர்கருவி இருக்கும் இடத்தில் குழாயின் விட்டம் பழையதுதானா? தரையிலிருந்து வடிகட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கும்? மூன்றுக்கும் தக்க விடை கிடைத்த பிறகு அவர் பணப்பையைத் திறக்கட்டும்.