மைக் வாங்குமுன் அறையைக் கவனியுங்கள்

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர், மாடியறையில் பாட்டுப் பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். மைக், இன்டர்ஃபேஸ், ஹெட்போன் விவரமெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். அறையைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

கல்யாண மண்டபம் காலியாக இருக்கும்போது நாயனம் ஒரே இரைச்சலாகக் கேட்கும். ஆட்கள் நிரம்பியதும் தெளிந்துவிடும். உடம்பும் துணியும் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன. பத்துக்குப் பத்து சிமென்ட் அறையில் விழுங்க எதுவும் இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை நம் காது ஓரளவு ஒதுக்கிவிடும். மைக் அப்படியே பதிந்து வைக்கும்.

இதற்காக முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டுகிறார்கள். வேண்டாம். எதிரொலியை அவை அதிகம் குறைப்பதில்லை, சட்டென்று தீப்பற்றும். வீட்டிலுள்ள பஞ்சு மெத்தையே போதும்.

ஆனால் அதைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான். காற்று பஞ்சிழைகளுக்குள் உரசிக்கொண்டு போய்வரும்போதுதான் ஒலி அடங்கும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய வழியில்லை. அலைநீளத்தில் கால்பங்கு தள்ளி வந்தால் அசைவு உச்சத்தில் இருக்கும். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 69 செ.மீ.; அதில் கால்பங்கு 17 செ.மீ. ஆக, அரையடி தள்ளி நிறுத்தினால் அதே மெத்தை குரலின் கனத்த பகுதியையும் பிடித்துக்கொள்ளும். வெறும் இடைவெளி செய்கிற வேலை இது! மெத்தைக்கு முதுகு காட்டி நின்று, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பாடுங்கள்.

வீட்டில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று தயங்க வேண்டாம். கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து அமைத்த பதிவுக்கூடத்திலிருந்துதான் 1992இல் ஏ.ஆர்.ரஹ்மானின் 'ரோஜா' வந்தது. அதற்கும் முன்னால், 1902இல் கல்கத்தா ஹோட்டல் அறையொன்றைப் பதிவுக்கூடமாக்கித்தான் பாடகி கௌஹர் ஜானின் பாட்டை இசைத்தட்டில் ஏற்றினார்கள்.

அப்படி இசைத்தட்டு இந்தியாவுக்கு வந்துவிட்ட பிறகுதான் பாரதியார் புதுச்சேரியில் இருந்தார், 1908 முதல் 1918 வரை. தம் பாட்டுகளைத் தாமே பாடியவர். அந்தக் குரல் நமக்கு மிஞ்சவில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் பதிவுக் கருவி இருக்கிறது, வீட்டுப் பெரியவர்களின் தாலாட்டும் ஒப்பாரியும் மட்டும் பதிவாகாமலே போகின்றன. இது எனக்குத் தாங்கமாட்டாத வருத்தம்.

அன்பரே, உங்கள் அறை தயாரானதும் முதலில் வீட்டுப் பெரியவரைப் பாடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பெயர், ஊர், தேதி சொல்லட்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிந்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.