கலாநிதிப் பட்ட ஆய்வும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களும்

முன்னோர் கண்டறிந்தவற்றைக் கற்பது பட்டப் படிப்பு. இதுவரை எவரும் அறியாத ஒன்றைத் தேடிக் காண்பது கலாநிதிப் பட்ட ஆய்வு. வவுனியாவில் 1991-இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. இவற்றில் பயின்ற வன்னி மாணவர் சிலர் மேலாய்வுக்கு ஐரோப்பாவை நோக்குவது இயல்பே. ஆயின், அங்கே இடம் பெறும் முறை யாதெனப் பலர் அறியார்.

பட்டப் படிப்புக்கு வெட்டுப்புள்ளி இடந்தருகிறது. ஆய்வுக்கோ புள்ளிகள் மட்டும் போதா. நல்லதொரு வினாவும், அதனை வழிநடத்தவல்ல ஆசிரியரும் ஒன்றுசேருமிடத்திலேயே ஆய்வு பிறக்கிறது.

இதற்குச் சான்று பேராசிரியர் க. கைலாசபதி. சங்க கால வீரநிலைக் கவிதையை ஆராய்ந்த அவர், இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்று, 1966-இல் கலாநிதியானார். தொம்சன் தமிழ்ப் பேராசிரியர் அல்லர், கிரேக்கப் பேராசிரியர். பொருளை மாணவர் கொண்டு சென்றார். ஆராயும் நெறியை ஆசிரியர் தந்தார். பின்னர் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் அதே ஆசிரியரிடம் பயின்று, பண்டைத் தமிழர் நாடகத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றார்.

இன்று வழிகள் இரண்டு. ஒன்று, ஆய்வையே தொழிலாகப் பெறுதல். நெதர்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளிலும், ஜேர்மனியில் பல இடங்களிலும் ஆய்வு மாணவர் மாதச் சம்பளம் பெறும் பணியாளராவர். இவ்விடங்கள் வேலை வெற்றிடங்களைப் போலவே விளம்பரம் செய்யப்படும். பல்கலைக்கழகங்களின் இணையத்தளங்களிலும், ஐரோப்பிய ஆணையத்தின் யுராக்செஸ் தளத்திலும் அவற்றைக் காணலாம். மற்றொன்று, தாமே வினாவை வகுத்து, ஆசிரியரின் இசைவைப் பெற்று, புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தல். ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையும், பிரித்தானியாவில் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் இவ்வகையின.

ஐரோப்பாவின் பல நாடுகள் முதுமாணிப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன. அஃதில்லாதோர் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் மூலம் முதலில் அதனைப் பெற முயலலாம்.

ஆசிரியருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. அவர்தம் கட்டுரைகளுள் எதனைப் படித்தோம், அதிலிருந்து நம் வினா எவ்வாறு எழுந்தது, அதற்கு நம்மிடமுள்ள பயிற்சி யாது என்னும் மூன்றும் அதில் விளங்கவேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவது வீண். நம்மை நன்கறிந்த விரிவுரையாளர் இருவர் மூவரின் பரிந்துரையும் வேண்டப்படும். போர்க்கால இடப்பெயர்வில் சான்றிதழ்களை இழந்தோர், பரீட்சைத் திணைக்களத்திடம் பெறுபேற்றுச் சான்றிதழை முன்கூட்டியே மீளப் பெறுதல் நலம்.

காணியை ஈடுவைத்துத் தரகரிடம் பணம் கொடுப்போர் இன்றும் உளர். சில பல்கலைக்கழகங்கள் சிறு விண்ணப்பக் கட்டணம் பெறலாம். ஆனால், ஆய்விடம் விலைக்குக் கிடைப்பதன்று. அதனை விற்பதாகக் கூறுவோரை நம்புதல் தகாது.

வன்னி மாணவரிடம் வினாக்களுக்குப் பஞ்சமில்லை. தொடர்ந்தமைந்த குளங்களின் நீர்முறை, வவுனியாவில் உழவரைப் பீடிக்கும் சிறுநீரக நோய், கண்ணிவெடி அகற்றிய நிலத்தின் மீள்பயிர்ச்செய்கை ஆகிய யாவும் உலக அறிவுக்கு வேண்டியனவே. அவற்றைத் தெளிந்த வினாவாக வகுத்து எழுதுவோர், ஐரோப்பியப் பேராசிரியர் முன் வெறுங்கையுடன் நிற்பவர் அல்லர்.