விசைச் சக்கரத்தின் நோயும் மருந்தும்

குயவர் தம் சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டுக் கோலை எடுத்துவிடுகிறார். சக்கரமோ பின்னரும் நெடுநேரம் சுழல்கிறது. பானை உருப்பெறுவதும் அந்நேரத்தில்தான். விட்டுவிட்டு வரும் விசையைச் சேமித்துச் சீராகத் தருவதே கனத்த சக்கரத்தின் பணி. டீசல் காரில் இயந்திரத்துக்கும் கிளட்சுக்கும் இடையே அமைந்த விசைச் சக்கரம் செய்வதும் இதுவே. பட்டறையில் இதனைப் பிளைவீல் என்பர்.

நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் வளைதண்டு ஒருமுறை சுழல்வதற்குள் எரிபொருள் இருமுறை வெடிக்கிறது. நிமிடத்திற்கு 800 சுற்று எனில் 1600 அடிகள்! காற்றை மிக நெருக்கிச் சூடேற்றியே டீசலைப் பற்றவைப்பதால், அவ்வடிகள் பெட்ரோல் இயந்திரத்தினும் கடுமையானவை. பழைய சக்கரம் ஒரே இரும்புத் துண்டு. அதிர்ச்சியைக் குறைத்ததேயன்றி முற்றும் விழுங்கவில்லை. ஆதலின், 1985ஆம் ஆண்டளவில் ஜெர்மனியிலிருந்து இரட்டைச் சக்கரம் கார்களுக்கு வந்தது. ஒரு பாதி வளைதண்டோடும், மறு பாதி கிளட்சோடும் இணைந்திருக்கும். இடையே சுருள்வில்கள். தேய்வது பெரும்பாலும் இவ்விடைப்பகுதியே.

நோயின் குறி என்ன? இயந்திரத்தை நிறுத்தும்பொழுதும் தொடங்கும்பொழுதும் 'கடகட'வென்னும் ஓசை. நின்றபடி ஓடுகையில் உடல் நடுக்கம். ஆயினும் ஓசையை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுதல் தவறு. கிளட்சை மிதித்தவுடன் இரைச்சல் பிறந்தால் குற்றவாளி கிளட்சின் பேரிங்காக இருக்கலாம். ஒரு சிலிண்டர் சரிவர எரியாவிட்டாலும் இதே நடுக்கம் தோன்றும். ஆகவே இன்ஜெக்டர், பாட்டரி, ஸ்டார்ட்டர் ஆகியவற்றை முதலில் சோதிப்பதே முறை. இவை பழுதாயிருக்கப் புதுச் சக்கரம் பூட்டினால், அதுவும் விரைவில் கெடும். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்குச் சக்கரத்தின் விலையோடு கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியும் இருமுறை சேர்வது சிறிய இழப்பன்று.

கியர்ப் பெட்டியை இறக்கிய பின்னரே உண்மை வெளிப்படும். கிளட்சுப் பக்கத்துப் பாதியைக் கையால் இடமும் வலமும், வில்லின் எதிர்ப்புத் தட்டும் வரை திருப்ப வேண்டும். அத்தளர்ச்சியைப் பாகைக் கணக்கிலோ, விளிம்பிலுள்ள பற்களின் எண்ணிக்கையிலோ அளப்பர். அசைகிறது என்பதற்காகவே கெட்டது எனலாகாது; ஓரளவு அசையும்படிதான் அதனைச் செய்திருக்கிறார்கள்! எல்லை எது என்பதை அக்காருக்குரிய கைந்நூலே கூறும். முன்பின் ஆட்டத்தையும் முள்ளளவியால் அளத்தல் வேண்டும். கிரீஸ் மிகுதியாகக் கசிந்திருப்பதும், வெப்பத்தால் நீலம் பாரித்திருப்பதும், வெடிப்பும் தீய குறிகள்.

பழைய ஒற்றைச் சக்கரத்திற்கு மருந்துண்டு. முகம் வரிவரியாகத் தேய்ந்திருந்தால், அளவு இடங்கொடுக்கும் வரை கடைந்து சமப்படுத்தலாம். பல்வளையம் தேய்ந்தால், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றுவதுபோலப் புது வளையத்தைச் சூடாக்கி ஏற்றலாம். நான்கு சிலிண்டர் இயந்திரம் ஏறக்குறைய ஒரே இரு நிலைகளில் நிற்பதால், பற்கள் எதிரெதிரே ஈரிடங்களிலேயே மிகுதியும் தேய்ந்திருப்பதைக் காணலாம்.

இரட்டைச் சக்கரத்தைச் சாதாரணப் பட்டறையில் பிரித்துச் சீர்செய்ய இயலாது; மாற்றவே வேண்டும். சிலர் அதற்குப் பதில் ஒற்றைச் சக்கரம் பூட்டுவர். விலை குறைவுதான், ஆனால் வில்கள் விழுங்கிய அதிர்ச்சியில் பெரும்பங்கைக் கியர்ப் பெட்டி தாங்க நேரும். எதைப் பூட்டினும், கிளட்சுத் தட்டையும் பேரிங்கையும் உடன் மாற்றுதல் நன்று. சக்கரத்தைப் பிணிக்கும் திருகுகள் முறுக்கும்பொழுது நீளும் இயல்பினவாதலின், பழையவற்றை மீண்டும் பூட்டலாகாது.