ஒரு பூ, இரண்டு விருந்தாளிகள்

ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் பாங்க்சியா என்ற செடி வளர்கிறது. அதன் பூங்கொத்து சோளக்கதிர் போல நிமிர்ந்து நிற்கும். அதில் தேன் நிறைய ஊறும். அந்தத் தேனைத் தேடி இரண்டு உயிர்கள் வருகின்றன.

பகலில் வருவது ஒரு பறவை. அதன் பெயர் நியூ ஹாலந்து தேனுண்ணி. இது பாடும் பறவைகளின் இனம். உடலில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், இறக்கையில் மஞ்சள் நிறம். எடை சுமார் 20 கிராம்.

பெரும்பாலும் இரவில் வருவது ஒரு சின்ன விலங்கு. அதன் பெயர் தேன் பாஸம். பார்க்க எலி போல இருக்கும். ஆனால் எலி அல்ல. கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள விலங்கு. எடை சுமார் 10 கிராம்தான்.

இரண்டுக்கும் என்ன ஒற்றுமை?

இரண்டின் நாக்கும் நீளமானது. நுனி தூரிகை போல இருக்கும். அதனால் தேனைத் துடைத்து எடுக்கின்றன. அப்போது மகரந்தம் உடலில் ஒட்டுகிறது. அது அடுத்த பூவில் படுகிறது. செடி காய்க்கிறது.

என்ன வேற்றுமை?

பறவை பூச்சிகளையும் தின்னும். தேன் பாஸத்துக்குத் தேனும் மகரந்தமும் மட்டுமே உணவு. குளிர் மிகுந்தால் அது அசையாமல் கிடக்கும். உடல் சில்லிட்டுப் போகும். செத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அது சாகவில்லை, சக்தியைச் சேமிக்கிறது.

பறவை முட்டையிடும். சுமார் 2 வாரத்தில் குஞ்சு பொரிக்கும். தேன் பாஸம் குட்டி போடும். பிறந்த குட்டிக்கு ஓர் அரிசியின் எடைகூட இருக்காது. பாலூட்டிகளில் பிறக்கும்போது மிகச் சிறியது இதுதான். சுமார் 2 மாதம் அது தாயின் பையில் பால் குடித்து வளரும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

காட்டில் தீப்பிடித்தால் பறவை வேறு இடத்துக்குப் பறந்துவிடும். பாஸத்தால் தொலைதூரம் போக முடியாது. எரிந்த செடி வளர்ந்து மறுபடி நன்றாகப் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

மண்ணில் ஒரு நோய்க்கிருமியும் பரவுகிறது. அது பாங்க்சியாவின் வேரை அழுகச் செய்கிறது. செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிய ஈரமண்ணோடு அது இடம்விட்டு இடம் போகிறது. அதனால் அங்கே காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் காலணியைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறார்கள். சின்ன வேலைதான். அதனால் செடி பிழைக்கிறது. செடியை நம்பிய உயிர்களும் பிழைக்கின்றன.

உங்கள் ஊர்ப் பூக்களைத் தேடி வரும் உயிர்கள் எவை? பகலில் வருவது எது? இரவில் வருவது எது? கவனித்து எழுதுங்கள்.