ஜாகுவார் ஈ-டைப்பா, போர்ஷே 911-ஆ? வேகம் ஒரு கணக்கு, ஒர்க்‌ஷாப் இன்னொரு கணக்கு!

1961 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் ஜாகுவார் ஈ-டைப் அறிமுகமானபோது எல்லோரும் பேசியது அதன் அழகையும் வேகத்தையும்தான். 3.8 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின், 265 குதிரைத்திறன். மணிக்கு 241 கி.மீ. போகும் என்றது நிறுவனம்.

1963-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் போர்ஷேவின் கார் வந்தது. முதலில் வைத்த பெயர் 901. நடுவில் பூஜ்ஜியம் வரும் எண்கள் எங்களுடையவை என்று பிரான்ஸின் பெஜோ மல்லுக்கட்ட, 911 ஆனது. 2 லிட்டர், 130 குதிரைத்திறன், 210 கி.மீ. வேகம். ஜாகுவாரின் பவரில் பாதிதான்!

நேர் ரோட்டில் ஈ-டைப்பை ஆரம்பகால 911 பிடிக்கவே முடியாது. ஆனா, 60 வருஷம் கழித்து இவற்றை வாங்குபவருக்கு டாப் ஸ்பீடா முக்கியம்? மாசத்துல எத்தனை நாள் ரோட்டில் ஓடும், எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் நிக்கும் என்பதுதான் கேள்வி.

கிளட்ச் மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈ-டைப்பில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுக்கணும். பின்பக்க டிஸ்க் பிரேக் சக்கரத்தில் இருக்காது. நடுவில், டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். டிஸ்க்கை மாற்ற, பெரும்பாலும் பின்பக்க சஸ்பென்ஷனையே மொத்தமாக இறக்குவார்கள். உதிரிபாகம் கிடைத்துவிடும், பர்ஸைக் காலி செய்வது கூலிதான்.

911-லும் கிளட்சுக்கு இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். ஆனா, அது பின்பக்கமாக, கீழ்வழியே இறங்கிவிடும். பழகிய மெக்கானிக்குக்கு பெரிய வேலையில்லை. காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் ரேடியேட்டர், கூலன்ட் தொல்லையும் கிடையாது. ஆயில் விஷயத்தில் மட்டும் கவனம் வேணும். இன்ஜின் சூடாகி, ஐடிலில் ஓடும்போதுதான் அளவு பார்க்கணும். ஆறிய இன்ஜினில் பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும்.

அதுக்காக 911 சாது இல்லை. வளைவில் பயந்து சட்டென ஆக்ஸிலரேட்டரை விட்டால் வால் சுற்றிக்கொண்டு வரும். 1969 மாடலில் வீல்பேஸை 57 மி.மீ. நீட்டியது இந்தக் குணத்தைக் குறைக்கத்தான். இருந்தாலும், அடிக்கடி எடுத்து ஓட்ட நினைப்பவருக்கு 911-தான் பொருத்தம். வருஷத்துக்கு நாலு நல்ல ஞாயிற்றுக்கிழமை போதும் என்பவர் தாராளமாக ஈ-டைப்புக்குப் போகலாம்.

எதுவானாலும் துருவைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். துருப்பிடிக்காமல் இருக்க 911-ன் பாடிக்கு முழுசா துத்தநாகப் பூச்சு வந்ததே 1976 மாடலில்தான். ஈ-டைப்பில் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதியை முதலில் பாருங்கள். இன்ஜின் ரிப்பேரையாவது தள்ளிப்போடலாம். அங்கே அரித்திருந்தால் பாடியையே வெட்டி ஒட்டணும்.