காயலான் கடையிலிருந்து ஒரு கணினிக்கூடம்

திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சுற்றியுள்ள காயலான் கடைகளில், பழைய கணினிகளைப் பிரித்துப் போடும் வேலையில் நம் காலனிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தகரம் தனி, அலுமினியம் தனி, செம்புக் கம்பி தனி, பச்சை அட்டை தனி என்று ஒரு பெட்டியை அரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவார்கள். மூடியை எந்தப் பக்கம் இழுத்தால் வரும், எந்தத் திருகு துருப்பிடித்திருக்கும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். ஆனால் அதே கணினியில் தன் பெயரை ஒருமுறையாவது தட்டிப் பார்த்தவர் அவர்களில் அரிது. உழைப்பு நம்முடையது, பலன் பிறருடையது என்று மேடையில் பேசும்போதெல்லாம் நிலத்தையே சொல்கிறோம். காயலான் கடையையும் சேர்த்துச் சொல்லலாம்.

நாங்கள் சிலர் சேர்ந்து திண்டிவனம் பக்கத்துக் காலனி ஒன்றில் மாலை நேரப் பாடம் நடத்துகிறோம். அங்கே ஒரு தொகுப்பு வீட்டின் முன்னறையில், பழைய பாகங்களைக் கொண்டு நான்கு கணினிகளை அமைத்திருக்கிறோம். மற்ற காலனிகளில் உள்ள மாணவர்களும் படிப்பகத் தோழர்களும் இதைச் செய்ய முடியும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

யோசனையைச் சொன்ன முதல் நாளே பெரியவர் ஒருவர் மறித்தார். "ஊர்க்காரன் பழசைக் குடுப்பான், நாம கையேந்தி வாங்கிக்கணும். அதை நிறுத்தத்தானேப்பா உங்களைப் படிக்க வெச்சோம்?" என்றார். கேள்வி நியாயமானது. பழைய சோறு, பழைய வேட்டி, முன்பக்கம் கிழிந்த பாடப்புத்தகம் என்று வந்த வரிசையில் இப்போது பழைய கணினியா? 1927-ல் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் நம் மக்களிடம் வற்புறுத்தியவற்றில் ஒன்று, பிறர் ஒதுக்கிய மிச்ச உணவை ஏற்பதைக் கைவிட வேண்டும் என்பது. அதை மறந்துவிட்டு இந்த வேலையைத் தொடங்க முடியாது.

எனவே அன்றே ஒரு முடிவெடுத்தோம். யாரிடமும் நன்கொடையாகப் பெட்டி வாங்குவதில்லை. காயலான் கடையில் எடை போட்டு, விலை பேசி, பணம் கொடுத்து, துண்டுச்சீட்டு எழுதி வாங்குவது. பொன்னாடை இல்லை, கொடுத்தவரோடு புகைப்படம் இல்லை. கடைக்காரருக்கு அது இரும்பு விலை. நமக்கு அது மூளை உள்ள இரும்பு.

இப்போது இதற்கு நல்ல காலம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கணினிகளுக்குமே உண்டு. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. கட்டணமில்லாத லினக்ஸ் போட்டால் அதே பெட்டி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். 4 ஜி.பி. ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு, 2 ஜி.பி. என்றால் லுபுண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் உண்டு; அதில் தமிழ் முகப்பு கிடைக்கும்.

இன்னொரு சுரங்கம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் வாங்கியவை பெட்டிக்கடியிலும் பரணிலும் கிடக்கின்றன. "பேட்டரி போச்சு சார்" என்பார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரை மட்டும் சொருகினால் பெரும்பாலானவை உயிர் பெறும். இவை யாருடைய பிச்சையும் அல்ல, அரசிடமிருந்து உரிமையாகப் பெற்றவை. பெரியவரும் அதை ஒப்புக்கொண்டார்.

பெட்டி வந்ததும் முதல் வேலை தூசி. பெயின்ட் அடிக்கும் காய்ந்த பிரஷ் போதும். அடுத்து ரேம் அட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் சொருக வேண்டும். "டிஸ்பிளே வரல" என்று தூக்கிப் போடப்பட்ட பல கணினிகளின் நோய் இவ்வளவுதான். (தமிழ் முதுகலை படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: அழிப்பான் எங்களுக்குப் பழக்கமான கருவி.) தேதி ஒவ்வொரு முறையும் பழையபடி மாறினால், மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 நாணய பேட்டரியை மாற்ற வேண்டும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். ஓடிக்கொண்டே இருக்கும்போது சூடாகி அணைந்தால், பிராசசரின் மேல் உள்ள காய்ந்த பசையைத் துடைத்துவிட்டுப் புதுப் பசை தடவ வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் முன்பு வைத்திருந்தவரின் கணக்கு வழக்குகள் இருக்கலாம். அதைத் திறந்து பார்ப்பதில்லை, முழுதாக அழிக்கிறோம். இதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகவே சொல்கிறோம். பணம் செலவழிப்பதானால் ஒன்றுக்குத்தான் செலவழிக்க வேண்டும்: சிறிய எஸ்.எஸ்.டி. பத்தாண்டுப் பழைய கணினியும் அதைப் போட்டபின் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நிற்கிறது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லி அனுப்பலாம்.

தொடக்கூடாதவை இரண்டு. ஒன்று, பவர் சப்ளை பெட்டி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். அது கெட்டால் வேறு மாற்றுவது, திறப்பதில்லை. இரண்டு, பழைய குண்டு மானிட்டர். உள்ளே பல ஆயிரம் வோல்ட் அழுத்தமும், கண்ணாடியில் ஈயமும் உண்டு. இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தொகுப்பு வீடுகளில் எர்த் கம்பி சரியாகப் போடப்பட்டிருப்பது அபூர்வம். எர்த் இல்லாவிட்டால் கணினியின் தகர உடம்பைத் தொட்டதும் சுரீர் என்கும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைக்கு இது விளையாட்டல்ல. கணினி வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள். எங்கள் கூடத்தில் முதல் செலவு அதுதான்.

மின் கட்டணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கணினியும் மானிட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 100 வாட். நான்கும் இரண்டு மணி நேரம் ஓடினால் 0.8 யூனிட், இரண்டு மாதத்தில் 50 நாள் என்றால் 40 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உண்மை. ஆனால் அது அந்த வீட்டு அம்மாவின் உரிமை, நம்முடையது அல்ல. அந்த 40 யூனிட்டுக்கான பணத்தை அவர் கேட்காமலேயே கொடுத்துவிடுகிறோம்.

இணையம் இல்லாவிட்டாலும் கூடம் நடக்கும். நான்கு கணினிகளையும் ஒரு சிறிய ஸ்விட்சில் கேபிளால் இணைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்றில் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையும், அரசு இணையத்தில் இலவசமாகத் தரும் பாடநூல்களையும் இறக்கி வைத்திருக்கிறோம். மற்ற மூன்றும் கம்பி வழியாக அதனிடம் கேட்டுப் படிக்கின்றன. 'சர்வர்' என்றால் என்ன என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தம்பிக்கு விளக்கினாள்: "பந்தியில பரிமாறுறவர் மாதிரி. கேட்டவங்களுக்குக் கேட்டதை வைக்கும். யாருன்னு பார்க்காது." கடைசி வாக்கியத்தை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளிகளில் கணினி அறை இல்லாமல் இல்லை. ஆனால் நாற்பது பேருக்குச் சில கணினிகள் என்றால், நாற்காலியில் யார் உட்காருவது, பின்னால் நின்று யார் எட்டிப் பார்ப்பது என்பதை வகுப்பறையின் பழைய வழக்கங்களே முடிவு செய்கின்றன. "உடைச்சிட்டா யார் கட்டுறது?" என்ற ஒரு சொல் போதும், ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கீபோர்டுக்கு அஞ்ச. ஒவ்வொரு திருகாகத் தானே முடுக்கிய பெட்டியிடம் அந்த அச்சம் வருவதில்லை. நின்றுபோனால் மறுபடி திறக்கிறார்கள். இங்கும் நாற்காலிச் சண்டை வந்தது. பையன்கள் விளையாட்டு போட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு முதல் ஏழு மணி வரை இரண்டு கணினிகள் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டிய பிறகே அடங்கியது. சிறிய விதிதான், ஆனால் அது இல்லாவிட்டால் கூடம் ஒரு பாதிக்கு மட்டுமே சொந்தமாகும்.

தட்டச்சுக்கு 'தமிழ் 99' முறையைத்தான் பழக்குகிறோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை எளிது என்பார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை தன் மொழியை எழுத ஏன் இன்னொரு மொழியின் வாசலில் போய் நிற்க வேண்டும்? 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அந்தக் காலத்தின் கருவியான அச்சு எழுத்தை அவர்கள் கையில் எடுத்தார்கள். நம் காலத்து எழுத்து இந்தக் கட்டைகளில் இருக்கிறது.

பயன் எங்கே தெரிந்தது என்றால், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில். அது இணையத்தில்தான் செய்ய வேண்டும். இதுவரை நம் மாணவர்கள் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று, ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்தார்கள். உட்பிரிவை அவர் தவறாகத் தேர்ந்தால் ஓராண்டுப் பணம் நிற்கும்; திருத்தத்துக்கு மறுபடி கூலி. இப்போது ஒரு செல்போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து, தாங்களே பத்தி பத்தியாகப் படித்துப் பார்த்து நிரப்புகிறார்கள். முடிந்ததும் வெளியேறுவது, கடவுச்சொல்லைக் கணினியில் சேமிக்காமல் இருப்பது இரண்டையும் கண்டிப்பாக்கியிருக்கிறோம்.

உயிர் பெறாத பாகங்கள் ஒரு சாக்கில் சேர்கின்றன. செம்புக்காக ஒயரைக் கொளுத்துவது எங்கள் பக்கத்திலும் உண்டு. அந்தப் பிளாஸ்டிக் உறை எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சு வருகிறது. அதைச் சுவாசிப்பவர் கொளுத்தும் பிள்ளையும் அந்தக் காலனியும்தான். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவை போக வேண்டும். சாக்கு நிறைந்ததும் அப்படித்தான் அனுப்பப்போகிறோம்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது ஒரு பழைய லேசர் பிரின்டர். இங்க்ஜெட் மலிவாக வருகிறது, ஆனால் சில வாரங்கள் சும்மா கிடந்தால் மை உறைந்துபோகும். லேசரில் டோனர் தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம். சுடுகாட்டுப் பாதைக்கான மனுவைப் பிளஸ் டூ மாணவர்கள் இருவர் தட்டி முடித்து வைத்திருக்கிறார்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குள் அதை அச்செடுக்க வேண்டும்.