எட்டு விநாடிக்குள் ஒளிந்திருந்த பிழை

ஒரு கிடங்கில் ஒரே பேரேடு. எழுத்தர் இருவர் என்று கொள்வோம். இருப்பு 40 மூட்டை. ஒருவர் 40 என்று படித்து, ஒரு மூட்டையைக் கழித்து 39 என எழுதுவதற்குள் மற்றவரும் 40 என்றே படித்துவிடுகிறார்; அவரும் 39 என்றே எழுதுகிறார். வெளியே போனவை இரண்டு மூட்டைகள், ஏட்டில் குறைந்ததோ ஒன்று! இருவர் கணக்கிலும் தவறில்லை. கணிப்பொறியில் இரு பணிகள் ஒரே நினைவிடத்தைத் தொடும்போது நேரும் இக்குழப்பத்தைப் 'பந்தய நிலை' என்பர். ஒருவர் எழுதி முடிக்கும்வரை பேரேட்டைப் பூட்டி வைப்பதே பரிகாரம். பூட்ட மறந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

ஏன்? பத்தாயிரம் முறைக்கு ஒருமுறை தலைகாட்டும் பிழையை நீங்கள் ஆயிரம் முறை சோதித்தாலும், அது ஒருமுறைகூட அகப்படாமல் போக ஏறத்தாழ 90 விழுக்காடு வாய்ப்புண்டு.

தெராக்-25 என்ற கனடா நாட்டுக் கதிர்வீச்சுக் கருவியின் கதையைப் பாருங்கள். 1986 மார்ச்சில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், அதை இயக்கியவர் எலெக்ட்ரானுக்குப் பதில் எக்ஸ் கதிருக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டு, உடனே திருத்தினார். காந்தங்கள் நிலைகொள்ள எட்டு விநாடி ஆகும். அதற்குள் செய்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி ஏற்றது. மற்றொரு பகுதி கவனிக்கவேயில்லை. விளைவு: 180 ராட் பெறவேண்டிய நோயாளி பல்லாயிரம் ராட் பெற்றார். பொறியாளர்கள் வந்து சோதித்தனர், பிழை தென்படவில்லை. ஏப்ரல் 7-இல் கருவி மீண்டும் இயங்கியது. 11-ஆம் நாள் அதே விபத்து! இருவருமே பின்னர் இறந்தனர்.

பிழையைப் பிடித்தவர் மருத்துவமனையின் இயற்பியலாளர். (நம் துறைக்காரர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைதான்.) அதே இயக்குநரை அமர்த்தி, விசைகளை மீண்டும் மீண்டும் தட்டச் செய்தார். வேகமாகத் தட்டினால் மட்டுமே பிழை வந்தது! முந்தைய தெராக்-20 கருவியிலும் இதே பிழை இருந்தது. ஆனால் அங்கே தனி மின் பாதுகாப்பு இருந்ததால், உருகி எரிந்ததோடு சரி.

இன்று சோதிப்பவர்கள் பணிகளுக்கிடையே வேண்டுமென்றே தாமதங்களைப் புகுத்தி வரிசையைக் கலைக்கிறார்கள். 'திரெட் சானிடைசர்' போன்ற கருவிகள், எந்த நினைவிடத்தை எப்பணி எப்போது தொட்டது என்று குறித்துக்கொள்கின்றன. விடை சரியாக வந்தாலும், வரிசை உறுதியில்லையேல் எச்சரிக்கின்றன. அதற்கு விலையும் உண்டு: நிரல் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும். தவிர, சோதனையின்போது ஓடிய பகுதிகளை மட்டுமே அவை காணும். ஓடாத பகுதியைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.